ஒருத்தரும் கேளாத உண்மை

எங்கட அத்தானைப் போல நேர்மையான மனுசனைத் தாங்கள் கண்டதில்லை எண்டு டென்மார்க்கில, ஹோர்சன்ஸில இருக்கிற எங்கட சனம் எல்லாம் சொல்லும். நானும் அதைத்தான் சொல்லுறனான். அவை சொன்னா அது புகழ்ச்சி, நான் சொன்னா அது ஏச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அத்தான் எண்டா என்ர கூடப்பிறந்த அக்காவின்ர புருசன். மன்னாரில அரசாங்கக் கச்சேரியில கிளாக்கரா இருந்தவர். மெல்லிய ஆள். சேட்டின்ர கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருப்பார். ஆரையும் அதட்டிக் கதைக்கமாட்டார். என்ன ஆக்கினை வந்தாலும் "பொறு பிள்ளை, அதுக்கு ஒரு முறை இருக்கு" எண்டு சொல்லுவார். அந்த முறையை அவர் பாத்துக்கொண்டிருக்க, என்ர அக்காவின்ர வயசு போய்க்கொண்டிருந்தது.

அவரின்ர முறை எப்பிடிப்பட்டது எண்டு சொல்லுறன் கேளுங்கோ. ஹோர்சன்ஸில ஒரு சாமான் களஞ்சியத்தில அவருக்கு வேலை. விடியப்புறம் சைக்கிளில போவார். ஒரு குளிர் மாரிக்கு சைக்கிள் லைற் எரியாமல் போச்சு. இஞ்ச இருட்டில லைற் இல்லாமல் சைக்கிள் ஓடக்கூடாது. அதுக்காக உந்த மனுசன் முழங்கால் அளவு சினோப் பனிக்குள்ள சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே வேலைக்குப் போய், பிந்திப் போனதுக்குப் பேச்சும் வாங்கினவர். "ஒரு காகம் குருவி இல்லாத றோட்டில ஆர் அத்தான் உங்களைப் பிடிக்கப் போறாங்கள்?" எண்டு கேட்டன்.

"பிடிக்கிறதுக்கோ பிள்ளை சட்டம்?" எண்டார்.

"அப்ப சைக்கிளை வீட்டில விட்டிட்டு நடக்கிறதுக்கு என்ன?"

"வேலை முடிஞ்சு வரேக்கை வெளிச்சம் இருக்குமெல்லே, ஓடிக்கொண்டு வரலாம்."

என்ர மனுசன், எங்கட வீட்டுக்காரர், அண்டு முழுக்கச் சிரிச்சுக்கொண்டிருந்தவர். எனக்கு அப்பவே சிரிப்பு வரேல்லை.

இன்னொருக்கா லண்டனில ஒரு கலியாண வீட்டுக்கு எல்லாருமாப் போட்டு வாறம். பில்லுண்ட் எயாப்போட்டில பச்சைக் கதவு, சிவப்புக் கதவு எண்டு ரெண்டு இருக்கு. காட்டுறதுக்கு ஒண்டும் இல்லாத ஆக்கள் பச்சைக் கதவால வரலாம். எல்லாற்ற பையுக்குள்ளயும் கருவாடும் மிளகாய்த்தூளும் கிடக்கு, நாங்கள் வானத்தைப் பாத்துக்கொண்டு பச்சைக் கதவால வந்திட்டம். அத்தானைக் காணேல்லை. அவர் சிவப்புக் கதவால போய், கருவாட்டுப் பையை அவிழ்த்து மேசையில பரப்பி வைச்சு, "இது கட்டா, இது சூடை" எண்டு சுங்க அதிகாரிக்கு வகுப்பு எடுத்துக்கொண்டு நிண்டிருக்கிறார். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு "கொண்டு போ, கொண்டு போ" எண்டு கலைச்சு விட்டவனாம். குளிருக்குள்ள எங்களைக் காக்க வைச்சிட்டு வெளியில வந்த மனுசன்ர முகத்தில அப்பிடி ஒரு சந்தோசம். "பாத்தியளே, உள்ளதைச் சொன்னா விடுவாங்கள்" எண்டார். அந்தக் கருவாட்டை அவன் பறிச்சுக் குப்பையில போட்டிருக்கவேணும். போட்டிருந்தா இந்த மனுசனுக்கு ஒரு பாடம் வந்திருக்கும்.

அவர் இப்பிடியானதுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேணும், இல்லாட்டி நான் ஒருபக்கம் கதைக்கிற மாதிரி வந்திடும். கச்சேரியில வேலை செய்த காலத்தில ஒருநாள் பஸ்ஸை ஆமி மறிச்சு, ஆம்பிளையளை எல்லாம் இறக்கி வரிசையில விட்டிருக்கிறாங்கள். பக்கத்தில நிண்ட மீன் வியாபாரியிட்ட அடையாள அட்டை இல்லை. அண்டைக்கெண்டு வீட்டில விட்டிட்டு வந்திட்டான். அத்தானிட்ட அட்டையும் இருந்தது, கச்சேரிக் கடிதமும் இருந்தது. அவரை பஸ்ஸில ஏறச் சொல்லிப் போட்டு அந்த மனுசனைக் கொண்டு போனவங்கள். பிறகு பஸ்ஸுக்கு மேல கட்டியிருந்த அவன்ர சைக்கிளும் மீன்பெட்டியும்தான் வீட்டுக்கு வந்தது. பேப்பர் சரியா இருந்தா உயிர் தப்பும் எண்டு அண்டைக்கு அவரின்ர மண்டைக்குள்ள இறங்கினது இறங்கினதுதான். எனக்கும் விளங்குது. விளங்கினாப்போல கோபம் போகவேணும் எண்டு சட்டம் இருக்கோ?

கலியாணம் கட்டி ஒரு வருசமும் ஆகேல்லை, ஊரில இருக்கேலாத நிலைமை வந்திட்டுது. நானும் எங்கட வீட்டுக்காரரும் வெளிக்கிட, அத்தானும் எங்களோட வெளிக்கிட்டவர். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு காலில விழாத குறையாக் கேட்டன். "நான் போய் முறைப்படி கூப்பிடுறன். அகதி எண்டு ஏத்துக்கொண்டா மனுசியைக் கூப்பிடலாம் எண்டு அந்த நாட்டுச் சட்டத்திலேயே இருக்கு" எண்டார். அவர் சொன்னது சரி. உள்ளபடியே சட்டத்தில இருந்தது. வந்து சேர்ந்து, அந்தஸ்து கிடைச்ச கையோட மனுவையும் போட்டிட்டு, நானும் இவரும் பிராண்டே எண்ட ஊரில பக்டரி வேலை கிடைச்சு வீடு எடுக்க, அவர் ஹோர்சன்ஸில ஒரு பிளாட் எடுத்து ரெண்டு பேர் படுக்கிற கட்டில் வாங்கிப் போட்டவர்.

மனுவுக்கு மறுமொழி வரேல்லை. அவருக்கு மட்டுமில்லை, ஸ்கீவயில, ஹோர்சன்ஸில, எங்கயும் ஒரு தமிழனுக்கும் வரேல்லை. கேட்டா, பாத்துக்கொண்டிருக்கிறம் எண்டினம். இந்தியன் ஆமி உங்கட நாட்டுக்கு வந்திட்டுதுதானே, நிலைமை சரியாகிடும், நீங்களே திரும்பிப் போவியள் எண்டினம். உண்மை என்னெண்டா, நீதி அமைச்சரா இருந்த ஆள் தமிழரின்ர மனுக்களைத் தொடவேண்டாம் எண்டு தன்ர கந்தோருக்குச் சொல்லி வைச்சிருந்தவர். நாட்டின்ர சட்டத்தை நாட்டின்ர நீதி அமைச்சர் மிதிச்சுக்கொண்டு நிக்கிறார். எங்களுக்கு அது அப்ப தெரியாது. அத்தான் தபால்காரன் வாற நேரத்துக்குக் கீழ இறங்கிப் போய் நிப்பார்.

அங்கால ஊரில சண்டை இறுக, அக்காவை எங்கட பங்குக் கோயில்ல இருந்த கன்னியாஸ்திரிமார்தான் காப்பாத்தினவை. அவையின்ர சபைக்கு இத்தாலியில தொடர்பு. சிசிலித் தீவில, கடற்கரையோட இருக்கிற ஒரு சின்னக் கிராமத்தில, தனிய இருக்கிற ஒரு வயசான மனுசியைப் பராமரிக்கிற வேலைக்கு அக்காவை அனுப்பி, அங்க தங்கிறதுக்குப் பேப்பரும் எடுத்துக் குடுத்தவை. அப்ப பாருங்கோ, புருசனும் பெண்சாதியும் ஒரே ஐரோப்பாவில. நடுவில ரயில் ஓடுது. எண்டாலும் சேர ஏலாது.

அடுத்த யூலையில பக்டரி மூண்டு கிழமை பூட்ட, எங்கட சின்ன மகளை இவரோட விட்டிட்டு நானும் அத்தானும் ரயிலேறினம். இத்தாலியின்ர அடிக்குப் போனதும் ரயிலைத் துண்டு துண்டாக் கழட்டிக் கப்பலுக்குள்ள ஏத்தித் தீவுக்குக் கொண்டு போறாங்கள். பிறகு ஒரு சின்ன ரயில். இறங்கினா நாகதாளி மண்டின ஒரு ஸ்ரேசன், அதுக்குக் கீழ கிராமம். அக்கா மேடையில நிண்டா. நான்தான் கட்டிப் பிடிச்சு அழுதன். அத்தான் பெட்டியைக் கீழ வைச்சிட்டு, "சுகமா இருக்கிறியளோ?" எண்டு கேட்டார். எத்தினை வருசத்துக்குப் பிறகு கண்ட சொந்தப் பெண்சாதியை, கந்தோருக்கு வந்த ஆளைக் கேக்கிற மாதிரி. அக்கா அவரின்ர கழுத்துப் பொத்தானைக் கழட்டி விட்டா. வெக்கையெல்லே, எண்டா.

அந்த வீட்டு மனுசிக்கு எண்பதுக்குக் கிட்ட வயசு. கறுத்தச் சட்டை, வாய் ஓயாது. அவவின்ர புருசன் இளமையில பெல்ஜியத்துக்கு நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போய் வருசக்கணக்கா அங்கயே கிடந்தவராம். பெடியங்கள் ரெண்டு பேரும் ஜேர்மனியில. நாங்கள் போன அண்டைக்கே அந்த மனுசி தன்ர பெரிய கட்டிலின்ர விரிப்பை மாத்திப் போட்டு, அக்காவையும் அத்தானையும் கையில பிடிச்சுக் கொண்டு போய் அந்த அறையில விட்டிட்டு, தான் குசினிக்குப் பின்னால இருந்த அக்காவின்ர சின்ன அறைக்கு வந்து என்னோட படுத்தது. கலியாணச் சேட்டிபிக்கற் கேக்கேல்லை, பதிவு கேக்கேல்லை. புருசன் வந்திருக்கிறான், கட்டிலைக் குடுக்கவேணும். அவ்வளவுதான் அவவுக்குத் தெரிஞ்ச சட்டம்.

அந்தக் கிராமத்தில அப்ப தக்காளிக் காலம். வீட்டு மாடியளில பெரிய பலகையள் போட்டு, அரைச்ச தக்காளியை உப்போட பரப்பி, பொம்பிளையள் வெயிலுக்குள்ள நிண்டு கையால துழாவிக்கொண்டிருப்பினம். ஊர் முழுக்க அந்த மணம். பின்னேரம் வெயில் தாழ, சனம் எல்லாம் வடிவா உடுத்திக்கொண்டு கடற்கரை றோட்டில மேலயும் கீழயும் நடக்கும். புருசனும் பெண்சாதியும் கை கோத்துக்கொண்டு போவினம். அந்த வீட்டு மனுசி இவை ரெண்டு பேரையும் துரத்தி விட்டது, போங்கோ, போய் நடவுங்கோ எண்டு. அக்கா அத்தானின்ர கையைப் பிடிச்சா. முதல்நாள் அத்தான் கையை எங்க வைக்கிறது எண்டு தெரியாமல் விறைச்சுக்கொண்டு நடந்தார். நாலாம் நாள் பாத்தா, அக்கா ஏதோ சொல்ல மனுசன் வாய்விட்டுச் சிரிக்கிறார். மீன் விக்கிறவன், கடைக்காரன், சுவாமியார், எல்லாரும் தொப்பியைத் தூக்கி, அக்காவின்ர பேரைச் சொல்லி, "மரியாவின்ர புருசனோ" எண்டு விசாரிக்கினம். பின்னால வந்த எனக்குக் கண்ணீர் ஓடினது. அவ்வளவு ஆசையாப் பாத்தனான். இதைத்தானே நாங்கள் டென்மார்க்கிட்டக் கேட்டது. வேற என்னத்தைக் கேட்டம்?

அப்ப அந்த மனுசன் கடலைப் பாத்துக்கொண்டு சொல்லுறார், "பேப்பர் வந்தா ஹோர்சன்ஸிலயும் இப்பிடி நடக்கலாம்" எண்டு. அக்காவின்ர முகம் சுருங்கினது. எனக்குக் கடலுக்குள்ள தள்ளிவிட வேணும் போல கிடந்தது.

அண்டைக்குத்தான் என்ர மண்டைக்குள்ள அந்த யோசினை வந்தது. அக்காவும் நானும் ஒரே அச்சு. மீன் விக்கிறவன் என்னைக் கண்டு அக்கா எண்டு நினைச்சு மிச்சக்காசு தந்தவன். பாஸ்போட் படத்தில இன்னும் மோசம், எங்கட அம்மாவே தடுமாறுவா. வெள்ளைக்காரனுக்கோ நாங்கள் எல்லாரும் ஒரு முகம். அந்தக் காலத்தில எங்கட சனம் பாதிப்பேர் அப்பிடித்தான் எல்லை கடந்தது. முகச்சாடை உள்ள ஆளின்ர பாஸ்போட்டில வாறது, பிறகு அதைத் தபாலில திருப்பி அனுப்புறது. ஆக, என்ர அகதிப் பாஸ்போட்டில அக்கா அத்தானோட டென்மார்க்குக்குப் போகட்டும். நான் அந்த வீட்டு மனுசியோட இஞ்ச நிக்கிறன். அக்கா போய்ச் சேர்ந்ததும் பாஸ்போட் தபாலில வரும், நான் வெளிக்கிட்டு வாறன். களவுதான். ஓம், களவு. இண்டைக்குக் கேட்டாலும் செய்வன்.

குசினியில சாளை மீன் துப்பரவாக்கிக்கொண்டிருக்கேக்கை சொன்னன். அக்கா கையைக் கழுவிப்போட்டு வந்து அத்தானுக்கு முன்னால நிண்டா. "இஞ்சேருங்கோ, நான் உங்களிட்ட இண்டு வரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை. எனக்கு வயசு ஏறுது. எனக்கொரு பிள்ளை வேணும். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டா. அவ்வளவுதான் அவ சொன்னது. எங்கட அக்கா கெஞ்சிற பொம்பிளை இல்லை.

அத்தான் எழும்பிப் போய் வள்ளங்களுக்குப் பக்கத்தில பின்னேரம் வரைக்கும் இருந்தார். பிறகு வந்து "சரி, கூட்டிக்கொண்டு போறன்" எண்டார். நான் அதைச் சத்தியவாக்கா நம்பினனான். ஏன் நம்பினனான் எண்டா, அந்த மனுசன் பொய் சொல்லமாட்டார். இதை நினைச்சா எனக்கு இப்பவும் சுவரில தலையை மோதவேணும் போல கிடக்கும்.

அவை ரெண்டு பேரும் ரயிலேற, நான் அக்காவின்ர அப்ரனைக் கட்டிக்கொண்டு வீடு கூட்டினன், தக்காளி துழாவினன். எத்தினையோ தரம் கணக்குப் போட்டன், இப்ப ரோம் கடந்திருப்பினம், இப்ப மலையடி கடந்திருப்பினம், இப்ப ஜேர்மனி எண்டு. பிராண்டேயில இருந்து ஒரு ரெலிபோன் வரும், "வந்திட்டினம்" எண்டு இவர் சொல்லுவார் எண்டு காத்திருந்தன். கதவைத் தட்டுற சத்தம் கேட்டது. திறந்தா, அதே பெட்டியோட அக்கா நிக்கிறா.

"அவர் சொல்லிப்போட்டாரடி" எண்டா.

நடந்தது இதுதான். வழியில எல்லா எல்லையிலயும் பாஸ்போட்டைத் திறந்து பாத்திட்டு மூடிக் குடுத்திட்டாங்கள். கடைசியா டென்மார்க் எல்லை. இளம் பெடியன் ஒருத்தன் வந்து அக்காவின்ர கையில இருந்ததை வாங்கிப் பாத்து, ஒரு கேள்வி கேக்காமல், நன்றி எண்டு சொல்லித் திருப்பிக் குடுத்திட்டு அடுத்த ஆக்களிட்டப் போட்டான். முடிஞ்சுது. ரயில் வெளிக்கிட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் அத்தான் எழும்பிப் போய் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். பையுக்குள்ள இருந்து தன்ர மனுவின்ர பிரதியை எடுத்து நீட்டி, வடிவான டெனிஷில சொல்லியிருக்கிறார். இது இவவின்ர பாஸ்போட் இல்லை. இவ என்ர பெண்சாதி. என்ர பெண்சாதியை என்னோட வைச்சிருக்க உங்கட சட்டத்தில எனக்கு உரிமை இருக்கு. நான் உண்மையைச் சொல்லுறன், நீங்கள் சட்டப்படி செய்யுங்கோ எண்டு.

அந்தப் பெடியனுக்கே முகம் வெளிறிப் போச்சுதாம். சுத்திவரப் பாத்திட்டு, குரலைத் தாழ்த்தி, "இதை நீங்கள் எனக்குச் சொல்லத்தான் வேணுமோ?" எண்டு கேட்டிருக்கிறான். அக்காவுக்கு டெனிஷ் தெரியாது, ஆனா அவன் தப்ப விடப் பாக்கிறான் எண்டது அவன்ர கண்ணில விளங்கினதாம். அத்தானின்ர சேட்டைப் பிடிச்சு இழுத்தாவாம். அவர் "ஓம், சொல்லத்தான் வேணும்" எண்டவராம். எல்லைப் பொலிஸ்காரனே வழி விட, கட்டின புருசன் விடேல்லை. இந்தக் கதையை ஆருக்குச் சொல்லி அழுறது?

பிறகென்ன, இறக்கினாங்கள். மேல ரெலிபோன் எடுத்துக் கேட்டாங்கள். மேல இருக்கிறவை என்ன சொல்லியிருப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. அக்காவிட்ட இத்தாலிப் பேப்பர் இருந்தபடியால அடுத்த ரயிலில தெற்கால அனுப்பிவிட்டினம். "அவர் மேடையில நிண்டவரடி," எண்டா அக்கா. "ஒரு கடதாசியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்." சொல்லிப்போட்டு என்ர இடுப்பில கிடந்த அப்ரனை அவிழ்த்துத் தான் கட்டிக்கொண்டு உள்ள போயிட்டா.

என்ர பாஸ்போட்டைப் பொலிஸ் எடுத்திட்டுது. ரோமில இருக்கிற டெனிஷ் தூதரகத்துக்கு அலைஞ்சு, பொலிசில குற்றக்காசும் கட்டி, நான் பிராண்டேக்கு வர மாரி தொடங்கிட்டுது. மகள் என்னைக் கண்டிட்டு டெனிஷில "எப்ப திரும்பிப் போறாய்?" எண்டு கேட்டாள். அடுத்தநாளே பஸ் பிடிச்சு ஹோர்சன்ஸுக்குப் போனன்.

வாயில வந்ததெல்லாம் பேசினன். இஞ்ச எழுதேலாது. அத்தான் தேத்தண்ணி ஊத்தி முன்னால வைச்சிட்டுத் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தார்.

"கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனீங்கள்தானே?"

"கூட்டிக்கொண்டு வந்தனான்தானே பிள்ளை. பொய் சொல்லுறன் எண்டு சொல்லேல்லையே."

"ஒருத்தனும் கேக்கேல்லை. கேட்டுப் பொய் சொன்னாத்தான் பொய். சும்மா இருந்திருக்கலாம்தானே?"

"சும்மா இருந்திருந்தா அவ என்ர மனுசியா வந்திருக்கமாட்டா. நீயா வந்திருப்பா. உன்ர பேரில எத்தினை வருசம் ஒளிச்சிருக்கிறது? பிள்ளை பிறந்தா ஆற்ற பேரில பதியிறது? வருத்தம் வந்தா எந்தப் பேரில டொக்டரிட்டக் கொண்டு போறது? சட்டம் எங்கட பக்கம் இருக்கேக்கை ஏன் பிள்ளை நாங்கள் கள்ளர் மாதிரி வரவேணும்?"

"முதல் பிள்ளை பிறக்கட்டும், பிறகு பேரைப் பாப்பம் எண்டு இருக்கேலாதோ உங்களுக்கு?"

அவர் கண்ணைத் துடைச்சார். எனக்கு இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தோட இன்னும் கோபம் வந்தது. "அப்ப நீங்கள் அங்க போய் இருங்கோ. அந்த மனுசி கட்டில் தருவா" எண்டன். "நான் நாட்டை விட்டு ஒரேயடியாப் போனா மனு செத்துப்போம்" எண்டார். மனுவாம். உயிரோட ஒரு பொம்பிளை அங்க இருக்கிறா, இவர் மனு செத்துப்போம் எண்டு கவலைப்படுறார்.

பிறகு அமைச்சர் மூடி வைச்சது மெல்ல வெளியில வரத் தொடங்கினது. பத்திரிகையில வந்தது, பாராளுமன்றத்தில கேள்வி கேட்டாங்கள், நிப்பாட்டி வைச்ச மனுக்கள் அசையத் தொடங்கிச்சுது. மற்றவையின்ர மனுசிமாரும் பிள்ளையளும் வந்து இறங்கிச்சினம். அவைக்கெல்லாம் மனு எழுதிக் குடுத்தது ஆர்? அத்தான்தான். சட்டம் எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. எயாப்போட்டுக்கும் பூங்கொத்தோட போய் நிண்டு அவையின்ர பெட்டியைத் தூக்கினவர். அவரின்ர மனு மட்டும் திரும்பி வந்தது. எல்லையில வேற ஆளின்ர பாஸ்போட்டில பிடிபட்டதாப் பதிவு இருக்காம். பிடிபடவே இல்லை எண்டு எந்தப் பேயனுக்கு விளங்கப்படுத்துறது? பொய் சொல்லிக் கடந்து வந்தவையெல்லாம் குடும்பமா இருக்க, உண்மை சொன்னவருக்குத்தான் பதிவு.

கடைசியா விசாரணை முடிஞ்சு அந்த அரசாங்கமே விழுந்தது. பிரதமர் பதவி விலகின செய்தி வந்த பின்னேரம், அத்தான் பஸ்ஸேறிப் பிராண்டேக்கு வந்திட்டார். கையில ஒரு கேக் பெட்டி. அவ்வளவு சந்தோசமா நான் அவரை அந்தக் கடற்கரையிலதான் கண்டிருக்கிறன். "பாத்தியே பிள்ளை, அமைச்சர் எண்டும் பாக்கேல்லை, பிரதமர் எண்டும் பாக்கேல்லை. நான் சொன்னது சரி. சட்டம் முழுக்க எங்கட பக்கம்தான் இருந்தது."

"அக்கா எந்தப் பக்கம் இருக்கிறா அத்தான்?" எண்டு கேட்டன்.

எங்கட வீட்டுக்காரர் "சும்மா இரும்" எண்டு எனக்குக் கண் காட்டினார். அத்தான் கேக்கை வெட்டி எல்லாருக்கும் வைச்சார், தான் தொடேல்லை. வெளிக்கிடேக்கை, "திரும்பப் போட்டிருக்கிறன் பிள்ளை. இந்தமுறை தருவாங்கள்" எண்டார். அவரை பஸ் தரிப்பு வரைக்கும் கொண்டு போய் விட எனக்கு மனம் வரேல்லை. இவர்தான் போனவர்.

வருசத்துக்கு ஒருக்கா, யூலையில, அவர் தீவுக்குப் போவார். மூண்டு கிழமை புருசனும் பெண்சாதியும். அக்கா ஏசினதா ஒரு சொல்லு நான் கேள்விப்படேல்லை. அவ அவருக்குச் சமைச்சுப் போட்டா, கை கோத்துக்கொண்டு நடந்தா, ஸ்ரேசனில கொண்டு வந்து ஏத்தி விட்டா. பிள்ளையைப் பற்றி மட்டும் பிறகு ஒருக்காலும் வாய் திறக்கேல்லை. அந்த வயசு தாண்டிப் போச்சுது. இதுக்கு நான் ஆரை ஏசுறது எண்டு சொல்லுங்கோ. அந்த அமைச்சரை ஏசுவன், ஏசி முடிய அத்தானிட்ட வருவன். ஒருத்தன் சட்டத்தை மிதிச்சவன், மற்றவர் சட்டத்தைக் கும்பிட்டவர். ரெண்டுக்கும் நடுவில நசுங்கினது என்ர அக்கா.

ஒரு மாரி காலமை களஞ்சியத்தில பெட்டி தூக்கிக்கொண்டு நிண்ட இடத்தில அத்தான் விழுந்திட்டார். மாரடைப்பு. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக முன்னம் முடிஞ்சுது. மனுவுக்கு அப்பவும் மறுமொழி வரேல்லை.

அவர் உயிரோட இருக்கேக்கை, ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு எண்டாலும் வந்து நிக்க அக்காவுக்கு விசிற் விசா கேட்டுக் களைச்சுப் போனம். புருசன் இஞ்ச இருக்கிறார், ஆனபடியா திரும்பிப் போகமாட்டா எண்டு சொல்லி மறுத்திட்டினம். செத்தவீட்டுக்குக் கேட்டம். அந்தக் கிழமையே குடுத்தினம். அக்கா கறுத்தச் சட்டையோட பில்லுண்டில வந்து இறங்கினா. பாஸ்போட்டில குத்தினவன் தலையைக் குனிஞ்சு மரியாதையா வழி விட்டவன். எனக்கு அவனைப் பிடிச்சு உலுக்கவேணும் போல இருந்தது. பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

இஞ்ச பிறப்பையும் சாவையும் தேவாலயக் கந்தோரிலதான் பதியிறது. அடக்கத்துக்கு முதல்நாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஹோர்சன்ஸில இருந்த அந்தக் கந்தோருக்குப் போனன். அங்க இருந்த டெனிஷ் பொம்பிளை நல்ல மனுசி. எழும்பி வந்து அக்காவின்ர கையைப் பிடிச்சா, கோப்பி ஊத்தி வைச்சா. நான் கலியாணப் பதிவு, மனுவின்ர பிரதியள், எல்லாத்தையும் ஒரு பையில கொண்டு போயிருந்தன். ஒண்டும் வேண்டாம் எண்டு கையைக் காட்டிப்போட்டு, "இவ அவரின்ர மனைவியோ?" எண்டு ஒரு கேள்விதான் கேட்டா. ஓம் எண்டன். அப்பிடியே ரைப் அடிச்சு, பேப்பரை அக்காவின்ர பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்கிற இடத்தை விரலால காட்டினா.

அக்கா தன்ர பேரைப் பாத்தா. அதுக்குப் பக்கத்தில ஒரு சொல்லுக் கிடந்தது. "இதென்னடி எழுதியிருக்கு?" எண்டு கேட்டா.

"விதவை எண்டு எழுதியிருக்கு அக்கா."

பேனையைக் கையில எடுத்தா. "பெண்சாதி எண்டு ஒத்துக்கொள்ள இத்தினை வருசம் போதாமல் போச்சுது இவங்களுக்கு," எண்டா. "விதவை எண்டு ஒத்துக்கொள்ள ஒரு கோப்பி குடிக்கிற நேரமும் எடுக்கேல்லையடி."

சொல்லிப்போட்டுக் கையெழுத்து வைச்சா.